காலநிலை வழக்குகளும் ஜனநாயகமும்: போஸ்ட் டாக் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலநிலை மாற்றம் தொடர்பாக அரசுகள்மேலும் நிறுவனங்கள்மேலும் தொடுக்கப்படும் வழக்குகள் ஜனநாயகத்தை என்ன செய்கின்றன என்று ஆராய ஒரு போஸ்ட் டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்) இடம் அறிவிக்கப்பட்டால், இப்போதெல்லாம் விண்ணப்பங்கள் குவிகின்றன. சட்டம், அரசியல் அறிவியல், சமூகவியல் என்று பல துறைகளிலிருந்தும் வருகிறார்கள். தேர்வுக்குழுவில் இருந்தபோதும், தெரிந்தவர்களின் மாணவர்கள் கேட்டபோதும் இந்த ஆய்வுத் திட்டங்களைத் தொடர்ந்து படித்து வந்திருக்கிறேன். துறை சிறியதாக இருந்த காலத்தில் எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகளைப் புதிதாக வருபவர்களும் செய்வதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. எங்களுக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை, இவர்களுக்கு இருக்கிறது. எழுத்துப்பிழை, பக்க வரம்பு, கடைசி நாள் அவசரம் பற்றியெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் அவற்றுக்குள் போகவில்லை.

வென்ற வழக்குகளை மட்டும் எடுத்துக்கொள்வது

பெரும்பாலான திட்டங்கள் நெதர்லாந்தின் உர்கெண்டா வழக்கில் தொடங்கும். 2020 முடிவதற்குள் பசுமைக்குடில் வாயு உமிழ்வை 1990-ஆம் ஆண்டின் அளவிலிருந்து குறைந்தது 25 சதவீதம் குறைக்க வேண்டும் என்று 2015-இல் ஹேக் மாவட்ட நீதிமன்றம் அரசுக்கு உத்தரவிட்டது. 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அடுத்து ஜெர்மனி, அப்புறம் சுவிட்சர்லாந்து. அதோடு பட்டியல் முடிந்துவிடும்.

ஜனநாயகம்தான் உங்கள் கேள்வி என்றால், தோற்ற வழக்குகளில்தான் சரக்கு அதிகம். அமெரிக்காவில் 2015-இல் இளைஞர்கள் அரசின்மேல் தொடுத்த ஜூலியானா வழக்கை 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தள்ளுபடி செய்யச் சொன்னது. பாதிப்பு உண்மை என்று நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள்; ஆனால் பரிகாரம் காண்பது நாடாளுமன்றமும் அரசும் செய்ய வேண்டிய வேலை என்றார்கள். மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி அதற்கு நேர் எதிராக வாதிட்டார். நீதிமன்றத்தின் எல்லை எது என்ற விவாதம் இவ்வளவு வெளிப்படையாக நடந்த வழக்குகள் குறைவு.

காலநிலை நடவடிக்கைக்கு எதிராகப் போடப்படும் வழக்குகளையும் விட்டுவிடக் கூடாது. மேற்கு வர்ஜீனியா மாநிலம் தொடுத்த வழக்கில் 2022-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மின்நிலையங்களின் உமிழ்வைக் கட்டுப்படுத்துவதில் சுற்றுச்சூழல் முகமையின் கையைக் கட்டிப்போட்டது. இவ்வளவு பெரிய முடிவுக்கு நாடாளுமன்றத்தின் தெளிவான அனுமதி வேண்டும் என்பது அது சொன்ன காரணம். ஜனநாயகத்தின் பெயரைச் சொல்லி இரண்டு பக்கமும் வாதாடுகிறார்கள் என்பதை ஆய்வின் முதல் நாளிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

"நீதிமன்றமா, மக்களா?" என்று வைத்துக்கொண்டு தொடங்குவது

இன்றுவரை என்னை எரிச்சல்படுத்தும் தவறு இதுதான். காலத்தையும் பணத்தையும் அதிகமாக விழுங்குவதும் இதுதான்.

திட்டத்தின் முதல் பக்கத்திலேயே ஒரு பக்கம் தேர்ந்தெடுக்கப்படாத நீதிபதிகள், மறுபக்கம் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றம் என்று நிறுத்திவிடுகிறார்கள். நீதிமன்றம் தலையிட்டால் ஜனநாயகத்துக்கு நல்லதா, கெட்டதா என்ற கேள்வி அடுத்து வரும். பிறகு வழக்குகளை வரிசையாக இந்த இரண்டு பெட்டிகளில் ஒன்றில் போடுவார்கள். சிலர் நீதிமன்றத்தைக் கொண்டாடுவார்கள், சிலர் கண்டிப்பார்கள். எந்தப் பக்கம் நின்றாலும் செய்யும் தவறு ஒன்றுதான்.

ஒரு நேர்காணல் நினைவுக்கு வருகிறது. வந்தவர் உண்மையிலேயே திறமைசாலி. வழக்குகளையெல்லாம் ஒரு விரிதாளில் ஏற்றித் திரையில் காட்டினார். கடைசி நெடுவரிசையின் தலைப்பு "நாடாளுமன்றத்தை மீறியதா?" ஒவ்வொரு வழக்குக்கும் ஆம் அல்லது இல்லை. அயர்லாந்து வழக்குக்கு நேரே "ஆம்" என்று இருந்தது. குழுவில் இருந்த ஒருவர், "அந்த நீதிமன்றம் எந்தச் சட்டத்தை ரத்து செய்தது?" என்று கேட்டார். வந்தவரிடம் பதில் இல்லை.

அயர்லாந்து உச்ச நீதிமன்றம் 2020 ஜூலை 31-ஆம் தேதி ரத்து செய்தது எந்தச் சட்டத்தையும் அல்ல, அரசு 2017-இல் வெளியிட்ட உமிழ்வுக் குறைப்புத் திட்டத்தை. நாடாளுமன்றமே 2015-இல் இயற்றிய சட்டம் கேட்கும் அளவுக்கு அந்தத் திட்டத்தில் விவரம் இல்லை என்பதுதான் காரணம். 2050-க்கான உமிழ்வுக் குறைப்பு இலக்கை அரசு எப்படி எட்டப்போகிறது என்பது அக்கறையுள்ள ஒரு குடிமகனுக்குத் திட்டத்தைப் படித்தால் விளங்க வேண்டும் என்றது நீதிமன்றம். இங்கே நாடாளுமன்றத்தின் சொல்லை மீறியது யார்? அரசு. அதை நிறைவேற்ற வைத்தது நீதிமன்றம். "ஆம், இல்லை" நெடுவரிசையில் இதை எங்கே போடுவது?

ஜெர்மனியைப் பாருங்கள். 2021 மார்ச்சில் அரசமைப்பு நீதிமன்றம் 2019-ஆம் ஆண்டுக் காலநிலைச் சட்டத்தின் ஒரு பகுதி அரசமைப்புக்கு ஒவ்வாதது என்றது. 2030-க்குப் பிறகு என்ன என்பதைச் சட்டம் போதிய அளவு சொல்லவில்லை. சுமையின் பெரும்பகுதி அடுத்த தலைமுறையின் சுதந்திரத்தின் மேல் விழுகிறது என்பது அடிப்படை. அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 2030-க்குப் பிந்தைய இலக்குகளை முடிவுசெய்வதை அரசாங்கத்தின் ஆணைகளுக்கு விட்டுவிட முடியாது, முக்கியமானவற்றை நாடாளுமன்றமே வகுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். ஜூன் மாதமே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2030-க்கான உமிழ்வுக் குறைப்பு இலக்கு 55 சதவீதத்திலிருந்து 65 ஆனது. கார்பன் சமநிலைக்கான (வெளியிடும் வாயுவும் உறிஞ்சப்படும் வாயுவும் சமமாவதற்கான) ஆண்டு 2050-இலிருந்து 2045-க்கு வந்தது. நாடாளுமன்றத்தின் வேலையை நீதிமன்றம் பறித்துக்கொண்டது என்று இதைப் படித்தபிறகு சொல்ல முடியாது.

சுவிட்சர்லாந்து இதைவிடச் சிக்கலானது. அரசின் காலநிலை நடவடிக்கை போதாது என்று 2,000-க்கும் மேற்பட்ட மூத்த பெண்களைக் கொண்ட சங்கம் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2024 ஏப்ரல் 9-ஆம் தேதி அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஜூன் மாதம் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளும் தீர்ப்பைக் கண்டித்து அறிக்கை நிறைவேற்றின. இதை வைத்து "மக்கள் நீதிமன்றத்தை நிராகரித்தார்கள்" என்று எழுதும் திட்டங்கள் எத்தனையோ! மக்கள் என்ன சொன்னார்கள் என்பதற்கு வாக்கெடுப்பு முடிவுகள் இருக்கின்றன. 2021 ஜூனில் புதிய கரியமில வாயுச் சட்டத்தை 51.6 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். 2023 ஜூனில் 2050-க்குள் நிகர பூஜ்ஜியம் என்ற இலக்குள்ள சட்டத்துக்கு 59.1 சதவீதம் பேர் ஆதரவு தந்தார்கள். இரண்டும் அதே மக்கள். உங்கள் ஆய்வு எந்த வாக்கை மக்களின் குரலாக எடுத்துக்கொள்ளும்? ஏன்?

அதே தீர்ப்பில், தனிநபர்களாக வந்த நான்கு பெண்களின் மனுக்கள் ஏற்கப்படவில்லை. சங்கத்தின் மனு ஏற்கப்பட்டது. அயர்லாந்தில் இதற்கு நேர்மாறு: உரிமைகள் தொடர்பான வாதங்களை முன்வைக்க, வழக்கு தொடுத்த சுற்றுச்சூழல் அமைப்புக்குத் தகுதியில்லை என்றார்கள். யார் நீதிமன்ற வாசலை மிதிக்கலாம், தனியாகவா, கூட்டாகவா என்பது முழுக்க முழுக்க ஜனநாயகக் கேள்வி. "நீதிமன்றமா, மக்களா" என்று தொடங்கியவர் கண்ணில் இது படாது.

போஸ்ட் டாக் ஒப்பந்தம் பெரும்பாலும் இரண்டு ஆண்டுதான். வழக்குகளை வகைப்படுத்தவே முதல் ஆண்டில் பாதி போய்விடும். பெட்டிகள் பொருந்தவில்லை என்று புரியும்போது மீதிக் காலத்தில் கேள்வியை மாற்ற முடியாது. அப்படிச் சிக்கிய ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். தரவு முழுவதும் கையில் இருந்தது. ஆனால் எந்த ஆய்விதழும் ஏற்கும் வாதம் அதிலிருந்து வரவில்லை. ஒப்பந்தம் முடிந்தது, அவர் துறையை விட்டே போனார். தடுத்திருக்கக்கூடிய இழப்பு அது. நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

என்ன செய்யலாம்? முதலில் ஜனநாயகம் என்று எதைச் சொல்கிறீர்கள் என்பதை முடிவுசெய்யுங்கள். ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தின் வி-டெம் திட்டம் ஜனநாயகத்தைத் தேர்தல், தாராளவாதம், பங்கேற்பு, கலந்தாய்வு, சமத்துவம் என்று ஐந்தாகப் பிரித்து அளக்கிறது. உங்கள் கேள்வி இதில் எதைத் தொடுகிறது? பங்கேற்பு என்றால் வழக்கு தொடுக்கும் தகுதியைப் பாருங்கள். கலந்தாய்வு என்றால், வழக்கினால் அரசு வெளியிட நேர்ந்த ஆவணங்களையும் அதன் பிறகு அவையில் நடந்த விவாதங்களையும் படியுங்கள்.

அப்புறம், தீர்ப்பு நாளோடு ஆய்வை நிறுத்தாதீர்கள். பாகிஸ்தானில் அரசு தன் காலநிலைக் கொள்கையை நிறைவேற்றவில்லை என்று லெகாரி என்ற விவசாயி தொடுத்த வழக்கில் லாகூர் உயர் நீதிமன்றம் 2015-இல் காலநிலை ஆணையம் ஒன்றை அமைத்தது. 2018-இல் அது கலைக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் அரசு அலுவலகங்களுக்கும் அந்த ஆணையத்துக்கும் இடையே நடந்ததுதான் உங்களுக்கான தரவு.

செய்திக்குறிப்பைப் படித்துவிட்டு எழுதுவது

தீர்ப்பைப் படியுங்கள். மாறுபட்ட தீர்ப்பையும் சேர்த்து.

எண்ணிக்கையை அப்படியே எடுத்தாள்வது

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சபின் மையம் தொகுக்கும் காலநிலை வழக்குகளின் தரவுத்தளம் இந்தத் துறைக்கு அடித்தளம். 2022 இறுதிவரை 65 நீதிமன்ற அதிகார எல்லைகளில் 2,180 வழக்குகள் என்று அதை வைத்து ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2023-இல் அறிக்கை தந்தது. அவற்றில் பெரும்பகுதி அமெரிக்காவில் நடந்தவை. இதைப் பார்த்து வளரும் நாடுகளில் வழக்குகளே குறைவு என்று எழுதிவிடுகிறார்கள். அங்கே காலநிலை என்ற பெயரில்லாமல் காடு, நிலம், தண்ணீர் என்ற பெயர்களில் வழக்குகள் நடக்கின்றன. காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து பாதுகாப்புப் பெறும் உரிமையை இந்திய உச்ச நீதிமன்றம் 2024-இல் அங்கீகரித்தது, கானமயில் பறவைகளையும் மின்கம்பிகளையும் பற்றிய வழக்கில். தலைப்பை மட்டும் தேடினால் இது கண்ணில் பட்டிருக்காது.

வரப்போகும் தீர்ப்பை நம்பித் திட்டம் போடுவது

பெரு நாட்டு விவசாயி ஒருவர் ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.ஈ. என்ற மின் நிறுவனத்தின்மேல் 2015-இல் போட்ட வழக்கு 2025 மே மாதம்தான் முடிந்தது. ஷெல் எண்ணெய் நிறுவனம் 2030-க்குள் உமிழ்வை 45 சதவீதம் குறைக்க வேண்டும் என்ற 2021-ஆம் ஆண்டுத் தீர்ப்பு 2024 நவம்பரில் மேல்முறையீட்டில் ரத்தானது. நிலுவையில் உள்ள வழக்கைத் திட்டத்தில் சேர்க்கலாம்; ஆனால் அதைச் சார்ந்து முழு அத்தியாயம் எழுதத் திட்டமிடாதீர்கள்.

முனைவர் பட்ட ஆய்வேட்டின் அத்தியாயத்தைப் புதுத் தலைப்பில் அனுப்புவது

குழுவுக்குத் தெரிந்துவிடும்.

நேர்காணல் எளிது என்று நினைப்பது

"வழக்கறிஞர்களையும் மனுதாரர்களையும் பேட்டி காண்பேன்" என்று ஒரே வரியில் எழுதுகிறார்கள். வழக்கு நடக்கும்போது வழக்கறிஞர் தன் உத்தியைச் சொல்ல மாட்டார். மனுதாரர் சிறார் என்றால் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதிக்குப் பல மாதங்கள் ஆகலாம். நீங்கள் முன்பு அந்த வழக்கை நடத்தும் அமைப்பில் வேலை செய்திருந்தால் அதையும் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். பின்னால் தெரியவந்தால் உங்கள் முடிவுகளையே சந்தேகிப்பார்கள்.

அனுமதிக்குக் காத்திருக்கும் மாதங்களுக்கும் ஒரு வேலைத்திட்டம் வேண்டும். மனுக்கள், பிரமாணப் பத்திரங்கள், நாடாளுமன்ற விவாதக் குறிப்புகள் எல்லாம் இருக்கின்றன. ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் வாய்மொழி விசாரணைகள் காணொளியாகவே கிடைக்கின்றன. முதல் வாரத்திலேயே இவற்றில் தொடங்கலாம்.