ஓடைத் தண்ணீரில் வருவது யார் வீட்டு மண்? நீலகிரியில் கண்டுபிடிக்கும் வழி

மழை பிடித்ததும் கேத்தி, குந்தா பக்கம் ஓடையெல்லாம் செக்கச்செவேலென்று ஓடும். தேயிலைக்காரர் கேரட் போட்டவரைக் கை காட்டுவார், கேரட்காரர் ரோட்டுக்கு ஜேசிபி விட்டவரைக் காட்டுவார். யார் சொல்வது எவ்வளவு உண்மை என்று வண்டலின் வேதியியலை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

ஹவாய் போன்ற எரிமலைத் தீவுகளில் இது கொஞ்சம் சுலபம். பாறை பெரும்பாலும் பசால்ட் (எரிமலைக் குழம்பு உறைந்த பாறை) என்பதால், மண்ணில் என்ன குறைந்திருக்கிறது, என்ன கூடியிருக்கிறது என்று அந்தப் பாறையோடு ஒப்பிட்டாலே போதும். அந்தப் பாறையில் இல்லாத குவார்ட்ஸ் என்ற கனிமம் அங்கே மண்ணில் கிடைத்தால், அது ஆசியாவிலிருந்து காற்றில் வந்த தூசி என்றுகூடப் பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். நம் மலை சார்னோக்கைட் என்ற கடினப் பாறை. சோலை, தேயிலை, காய்கறி மூன்றுக்கும் அடியில் ஒரே பாறைதான், அதுவும் ஆழமாக மக்கிப்போனது. அதனால் பாறையைவிட, மண்மேல் மனிதன் போட்டதுதான் இங்கே நமக்கு அடையாளம்.

ஓடைக்குப் போகும் முன்னால் மேட்டுக்குப் போங்கள். நிறைய பேர் வண்டலை மட்டும் அள்ளிக்கொண்டு லேபுக்கு ஓடுகிறார்கள், எதோடு ஒப்பிடுவது? தேயிலை, காய்கறிப் பாத்தி, சோலை, சாலை வெட்டிய கரை என்று ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து இடத்தில் மேல்மண் இரண்டு சென்டிமீட்டர் சுரண்டி, ஒன்றாகக் கலந்து ஒரு மாதிரி எடுங்கள். சாலைக் கரையில் மட்டும் வெட்டுமுகம் முழுக்கச் சுரண்ட வேண்டும். சோலைக்குள் போக வனத்துறை அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் கரண்டி போதும், துத்தநாகம் பூசிய தகரம் மட்டும் வேண்டாம்.

அப்புறம் ஓடை. இரண்டு ஓடை சேரும் இடத்தில் மூன்று மாதிரி: சேர்வதற்கு முன் இரண்டிலும் ஒவ்வொன்று, சேர்ந்த பிறகு கொஞ்சம் கீழே ஒன்று. தண்ணீர் வேகம் குறையும் கல் மறைவில் படிந்திருக்கும் மெல்லிய சேற்றைத்தான் எடுக்க வேண்டும், மணலை அல்ல. அவலாஞ்சி, குந்தா பக்கமென்றால் தென்மேற்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும், குன்னூர், கோத்தகிரி என்றால் வடகிழக்குப் பருவமழையை ஒட்டியும் போங்கள்.

எல்லா மாதிரியையும் நிழலில் உலர்த்தி, 63 மைக்ரான் நைலான் சல்லடையில் சலித்து, கீழே விழுவதை மட்டும் அனுப்புங்கள். இதைச் செய்யாவிட்டால் மற்றதெல்லாம் வீண், ஏனென்றால் உலோகங்கள் களிமண்ணில்தான் ஒட்டும். மணல் கூடினால் எல்லா அளவும் தானாகவே இறங்கி, மண் மாறிவிட்டதாக ஏமாற்றும்.

எதை அளப்பது? முதலில் தாமிரம். தேயிலைக் கொப்புள நோய்க்குக் காலங்காலமாக அடித்த காப்பர் ஆக்சிகுளோரைடு மேல்மண்ணிலேயே தங்கிவிடும். சாலை வெட்டிய அடிமண்ணில் அந்த மருந்து இருக்காது, பாறையிலிருந்து வந்த கொஞ்சம் தாமிரம்தான் இருக்கும். உருளைக்கிழங்குக்கும் தாமிர மருந்து உண்டு, ஆகவே தாமிரத்தை மட்டும் வைத்துத் தேயிலையையும் காய்கறியையும் பிரிக்க முடியாது, கூடவே காய்கறி உரத்தில் வரும் பாஸ்பரஸும் பாருங்கள். சோலை மண்ணுக்கு அடையாளம், மக்கிய இலைதழையிலிருந்து வரும் கரிமக் கார்பன். கால்சியம், மக்னீசியம் இரண்டையும் நான் நம்பமாட்டேன்: புளிப்பு மண்ணுக்குச் சுண்ணாம்பும் டோலமைட்டும் கொட்டுகிற ஊர் இது. துத்தநாகமும் அப்படித்தான், தகரக் கூரையிலிருந்தும் டயரிலிருந்தும் வந்து சேரும். சோடியம் திடீரென்று ஏறினால், மக்காத பாறைப் பொடி எங்கிருந்தோ கலக்கிறது என்று அர்த்தம். மேலே ஜல்லி உடைக்கிறார்களா பாருங்கள்.

வசதி இருந்தால் சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருளையும் அளக்கலாம். 1950, 60களின் அணுகுண்டுச் சோதனைகளில் வானத்திலிருந்து விழுந்தது, அரை ஆயுள் சுமார் 30 ஆண்டு, களிமண்ணைப் பிடித்தால் விடாது. மேல்மண்ணில் இருக்கும், மண்சரிவிலும் வெட்டிலும் வெளிப்படும் அடிமண்ணில் அநேகமாக இருக்காது. ஆனால் நம் அட்சரேகையில் விழுந்ததே குறைவு, லேபில் அதன் கதிர்வீச்சை எண்ணி முடிக்க நேரம் பிடிக்கும்.

கணக்கு எளிது. ஒரு பேச்சுக்கு, மண் வரும் மூலம் இரண்டே என்றும், தேயிலை மேல்மண்ணில் தாமிரம் 80 பிபிஎம் (பத்து லட்சத்தில் 80 பங்கு), சாலைக் கரையில் 20, வண்டலில் 35 என்று வைத்துக்கொள்வோம். 35-இலிருந்து 20 போனால் 15, அதை 80-க்கும் 20-க்கும் உள்ள வித்தியாசமான 60-ஆல் வகுத்தால் கால் பங்கு. மெல்லிய வண்டலில் கால் பங்கு தேயிலை மண், முக்கால் பங்கு ரோடு வெட்டின மண். மூலம் மூன்றானால் குறைந்தது இரண்டு தனிமம் வேண்டும், நான்கானால் மூன்று. வண்டலின் அளவு எல்லா மூலத்தையும்விடக் கூடவோ குறையவோ வந்தால் கணக்கை மூடிவைத்துவிட்டு மறுபடி மேட்டுக்கு ஏறுங்கள், ஏதோ ஒரு மூலத்தை விட்டிருக்கிறீர்கள்.