நாளுக்கு ஓர் இழை: நல்ல பழக்கம் படிய ஒரு வழி

செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளில் பிள்ளையார் நோன்பு திருக்கார்த்திகையில் தொடங்குகிறது. நாளுக்கு ஒன்றாக, புதுக் கோடி வேட்டியிலிருந்து நூலிழை எடுத்துச் சேர்த்து, 21 இழையையும் திரியாக்கி, மார்கழியில் சஷ்டித் திதியும் சதய நட்சத்திரமும் கூடும் நாளில் மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வார்கள். தினமும் கொஞ்சம், கண்ணால் பார்க்கும் கணக்கு, முன்பே தெரிந்த முடிவு நாள். புதுப் பழக்கம் ஒன்றைப் படியவைக்க இந்த மூன்றும் வேண்டும்.

முதலில் ஒரே ஒரு பழக்கத்தை எடுங்கள். தியானம், நடை, வாசிப்பு, விரதம் எல்லாம் ஒரே திங்கட்கிழமையில் தொடங்கினால் ஒன்று தவறும்போது மற்றவையும் சேர்ந்து விழும். எதைத் தொடங்குவது என்று தெரியாதவர்களுக்குத் தேவாரம் நல்லது. ஒரு பதிகத்தில் பெரும்பாலும் 10 அல்லது 11 பாடல்கள். நாளுக்கு ஒரு பாடலை மட்டும் வாய்விட்டு இரண்டு முறை படியுங்கள். ஐந்து நிமிடம் கூட ஆகாது. முழுப் பதிகத்தையும் தினமும் படிப்பேன் என்று இறங்குபவர்கள்தாம் சீக்கிரம் நிறுத்துகிறார்கள்.

நேரத்தைக் கடிகாரத்தில் குறிக்காதீர்கள். வீட்டில் ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு வேலையோடு சேர்த்துவிடுங்கள். சாமி வீட்டில் (பூஜை அறையில்) விளக்கேற்றித் திருநீறு பூசியதும் படிப்பது என்று வைத்தால் நினைவூட்டலே வேண்டாம். புத்தகத்தை முதல் நாள் இரவே பக்கம் விரித்துப் பலகையில் வைத்துவிட வேண்டும். செல்போன் வீட்டு முகப்பிலேயே சார்ஜில் கிடக்கட்டும். சாமி வீட்டுக்குள் அது வந்தால் பாடலுக்கு முன் வாட்ஸ்அப் வந்துவிடும். பள்ளிப் பேருந்துக்குப் பிள்ளைகளைக் கிளப்பும் அரைமணி நேரத்தில் எதையும் நுழைக்க வேண்டாம்; அது நிலைக்காது.

படித்து முடித்ததும் பூக்கட்டும் நூலில் ஒரு சாண் வெட்டி, சன்னல் கம்பியில் கட்டுங்கள். நோன்புக்கு உரிய இழையை இதற்கு எடுக்கக் கூடாது, அது பிள்ளையாருக்கு உரியது. 21 ஆனதும் அவிழ்த்துவிட்டு அடுத்த சுற்று. ஒரு சுற்றோடு பழக்கம் ஊறிவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர 18 முதல் 254 நாள் வரை கணக்கிட்டார்கள், நடுவளவு 66. ஆகவே குறைந்தது மூன்று சுற்று, கடினமான பழக்கம் என்றால் இன்னும் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை என்றும் அதே ஆய்வு சொல்கிறது. தவறிய நாளுக்கு இழை கட்ட வேண்டாம், மறுநாள் இரட்டிப்பாகவும் படிக்க வேண்டாம். மறுநாளும் விடாமல் இருப்பதுதான் முக்கியம்.

பழக்கம் முறிவது பெரும்பாலும் கல்யாண வீட்டிலும் பயணத்திலும். வீட்டு வளவு முழுக்க உறவினர் நிறைந்திருக்கும் நாளுக்கென்று ஒரு குறைந்த அளவை முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள்: திருநீறு பூசி, ஐந்தெழுத்தை 11 முறை சொன்னால் அன்றைய கணக்கு நேர். அந்த நேரத்தில் யோசித்து முடிவெடுத்தால் “இன்று மட்டும் வேண்டாம்” என்றுதான் மனம் சொல்லும்.

கொடுக்கும் பழக்கத்துக்குப் பிடியரிசி. உலையில் போடுவதற்கு முன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போடுங்கள். பிடிக்குச் சுமார் 40 கிராம் என்றால் மாதத்துக்கு 1.2 கிலோ, வண்டு வருமுன் மாதாமாதம் அன்னதானத்துக்குக் கொடுத்துவிடுங்கள். சமைத்த பிறகு எடுக்கலாம் என்று விட்டால் மறந்துபோகும்.

இரவில் நாட்குறிப்பேட்டில் இரண்டே வரி. வரவு: இன்று கற்றது, பெற்ற உதவி. பற்று: நேரம் வீணான இடம், சுடுசொல். “கோபம் குறைக்க வேண்டும்” என்று எழுதாமல், “மாலை ஆறு மணிக்கு, கடைக் கணக்கு பார்க்கும்போது சத்தம் போட்டேன்” என்று எழுதுங்கள். மாதக் கடைசியில் ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) போடுவதுபோல் பற்றுப் பக்கத்தை மட்டும் வாசித்தால், திரும்பத் திரும்ப வரும் நேரமும் இடமும் தெரியும். அடுத்த 21 நாளுக்கு எதை எடுப்பது என்பதை அதிலிருந்தே முடிவு செய்யலாம்.