அனலாகா, டிஜிட்டலா? சாப்பாட்டு மேசையில் ஓடப்போகும் முதல் ரயிலுக்கு

மாதிரி ரயில் வாங்கப் போகிறேன், அனலாக் நல்லதா டிஜிட்டல் நல்லதா என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ஒரே தண்டவாளத்தில், ஒரே நேரத்தில், இரண்டு எஞ்சின் உங்கள் சொல்லைத் தனித்தனியாகக் கேட்க வேண்டுமா?

புரியவில்லை என்றால் சிங்கப்பூரின் புக்கிட் தீமா பழைய ரயில் நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைப் பாதை அங்கே இரண்டாகப் பிரிந்து, கொஞ்ச தூரம் போய் மறுபடி சேரும். எதிரெதிரே வரும் கேடிஎம் (மலேசிய ரயில்வே) ரயில்களில் ஒன்று ஒதுங்கி நிற்கும், இன்னொன்று கடந்து போகும். 2011 ஜூன் 30-ல் தஞ்சோங் பகார் நிலையம் மூடப்படும்வரை சாவி டோக்கனை, அதாவது ஒற்றைப் பாதையில் போக அனுமதி தரும் சாவியை, கையில் கொடுத்து வாங்கித்தான் அங்கே வண்டியை அனுப்பினார்கள். இந்தக் காட்சியை மேசைமேல் எத்தனை தடவை நடத்த ஆசைப்படுவீர்கள் என்பதில்தான் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. ரயில் சும்மா சுற்றி வந்தாலே போதும், பார்த்துக்கொண்டு டீ குடிப்பேன் என்கிறவருக்கு அனலாக். இரண்டு வண்டியை வைத்து நிலையம் நடத்த வேண்டும் என்கிறவருக்கு டிஜிட்டல்.

எனக்குப் பகலில் மின்தூக்கி பழுதுபார்க்கும் வேலை. அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லாமல் விட மனம் வராது. அனலாக்கில் தண்டவாளத்துக்குப் போகும் மின்சாரமே கட்டளை. குமிழைத் திருப்பினால் சுழியத்திலிருந்து 12 வோல்ட் வரை நேர்மின்னோட்டம் ஏறும், எஞ்சின் வேகமெடுக்கும். நேர்முனையும் எதிர்முனையும் இடம் மாறினால் பின்னால் ஓடும். அந்தத் தண்டவாளத்தில் இரண்டு எஞ்சின் இருந்தால் இரண்டும்தான் ஓடும். இன்னொரு விசேஷம், எஞ்சினைத் தூக்கித் திருப்பி வைத்தாலும் அது முன்பு போன திசையிலேயே போகும். திசை தண்டவாளத்துக்குச் சொந்தம், எஞ்சினுக்கு இல்லை.

டிஜிட்டலில், அதாவது டிசிசி முறையில், தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும். வடக்கு தெற்கு எம்ஆர்டி பாதையின் மூன்றாம் தண்டவாளத்தில் வண்டி நின்றாலும் ஓடினாலும் 750 வோல்ட் இருக்கிறதே, அந்த மாதிரி. ஆனால் நம் மேசையில் அந்த மின்சாரமே செய்தியையும் சுமந்து போகிறது. முனைகள் விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை மாறுகின்றன. அரைத் துடிப்பு 58 மைக்ரோ விநாடி நீடித்தால் அது '1'; 100 மைக்ரோ விநாடி அல்லது அதற்கு மேல் நீடித்தால் அது '0'. எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் இதைப் படித்து, தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்துக்கொண்டு மோட்டாரை ஓட்டுகிறது. இங்கே 'முன்னால்' என்றால் எஞ்சினுக்கு முன்னால். திருப்பி வைத்தால் திரும்பித்தான் போகும். நிற்கும்போதும் விளக்கு எரியும், ஒலி டிகோடர் இருந்தால் டீசல் உறுமிக்கொண்டே நிற்கும். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறையை அடிப்படையாக வைத்து அமெரிக்க மாதிரி ரயில் சங்கம் 1990களில் தரநிலை வகுத்ததால், ஒரு நிறுவனத்தின் கன்ட்ரோலரில் இன்னொரு நிறுவனத்தின் டிகோடரும் வேலை செய்யும். ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் மட்டும் வேறு உலகம். நடுவில் மூன்றாவது தொடர்பு, மாறுமின்னோட்டப் பரம்பரை. அதை இங்கே கலக்க வேண்டாம்.

இதெல்லாம் எந்த ஊருக்கும் பொது. சிங்கப்பூரில் முடிவைத் தள்ளிக்கொண்டு போவது வீட்டின் அளவு. வீவக (அரசு அடுக்குமாடி) நாலறை வீட்டில் ரயிலுக்கென்று நிரந்தர இடம் ஒதுக்கியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. சாப்பாட்டு மேசைதான், ராத்திரி சாப்பாட்டுக்கு முன் எல்லாவற்றையும் எடுத்து வைத்தாக வேண்டும். எச்ஓ அளவில், அதாவது 87-ல் ஒரு பங்கில், வழக்கமாகக் கிடைக்கும் சிறிய வளைவே 360 மி.மீ. ஆரம், அரைவட்டம் போட்டால் அகலம் 75 செ.மீ.யைத் தாண்டும், மேசை விளிம்பில் தொங்கும். அதைவிடச் சிறிய 'என்' (N) அளவில் தண்டவாள இடைவெளி 9 மி.மீ.தான். ஜப்பானின் கேட்டோ நிறுவனம் விற்கும் யூனிட்ராக் தண்டவாளத்தின் 315 மி.மீ. வளைவு சுமார் 66 செ.மீ.க்குள் அடங்கிவிடும். அதனால் இங்கே பெரும்பாலும் ஆரம்பிப்பது ஜப்பானிய 'என்' அளவில், கேட்டோ அல்லது டோமிக்ஸ் நிறுவன வண்டிகளோடு.

அங்கேதான் டிஜிட்டலுக்குச் சிக்கல். ஐரோப்பிய எச்ஓ எஞ்சின்கள் பலவற்றில் 8 பின், 21 பின், ப்ளக்ஸ்22 என்று டிகோடர் சாக்கெட் தயாராக இருக்கும். மூடியைக் கழற்றிச் செருகினால் முடிந்தது. ஜப்பானிய 'என்' அளவு வண்டிகள் பலவற்றில் சாக்கெட்டே கிடையாது. கேட்டோவில் சிலவற்றுக்கு மட்டும் அவர்களே இடம் விட்டிருக்கிறார்கள். அதிலும் ஷிங்கான்சென் மாதிரித் தொடர் வண்டி என்றால் மோட்டார் பெட்டிக்கு ஒரு டிகோடர், இரண்டு முனை விளக்குகளுக்கு ஒவ்வொன்று, ஆக மொத்தம் மூன்று. என் அக்கா மகன் இதைக் கேட்டுவிட்டு, "மாமா, அந்தக் காசுக்கு இன்னொரு ரயிலே வாங்கலாமே" என்றான். கணக்கில் கெட்டிக்காரன்.

சரி, அனலாக் என்று முடிவு செய்தால் அதிலேயே எவ்வளவு தூரம் போகலாம்? நினைப்பதைவிட அதிகம். பாதை பிரியும் பாயிண்ட்டில் மின்சாரத்தையும் சேர்த்துத் திருப்பும் வகை உண்டு. பாயிண்ட் எந்தப் பக்கம் திறந்திருக்கிறதோ அந்தப் பக்கத்துக்கு மட்டும் மின்சாரம் போகும். ஒரு ரயிலை ஒதுக்குப் பாதையில் நிறுத்தி, பாயிண்ட்டை மாற்றினால் அது அப்படியே நிற்கும், மற்றது ஓடும். இரு முனையிலும் பாயிண்ட் உள்ள ஒதுக்குப் பாதை என்றால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புக்கிட் தீமா காட்சியை இப்படியே மாற்றி மாற்றி நடத்தலாம். இரண்டு வண்டியும் ஒரே நேரத்தில் அசைய முடியாது, அவ்வளவுதான். வாங்கும்போது கடைக்காரரிடம் இந்த வகைதானா என்று கேட்டு வாங்குங்கள். வெளிவட்டம், உள்வட்டம் என்று இரண்டு தனிப்பாதை போட்டு ஆளுக்கொரு கன்ட்ரோலர் வைத்தால் பிள்ளைகள் சண்டையும் தீரும்.

அடாப்டரை மட்டும் கவனமாகப் பாருங்கள். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நமக்கு 230. அங்கிருந்து வரவழைத்த பெட்டியின் அடாப்டரில் ஒட்டியிருக்கும் சீட்டில் 'இன்புட் 100–240 வி' என்று இருந்தால் பயமில்லை. வெறும் 100 என்று இருந்தால் நம் சுவரில் செருகவே கூடாது. பத்து வெள்ளிக்குள் கிடைக்கும் பயண பிளக் முள்ளின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. தெரிந்தவர் ஒருவர் வீட்டில் புது கன்ட்ரோலர் பிரித்த அன்றே புகைந்ததற்கு இதுதான் காரணம். வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் வாங்குங்கள், அல்லது அதே வெளியீடு உள்ள, இங்கே பாதுகாப்பு முத்திரை பெற்ற அடாப்டராக மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றும்போது வெளியீட்டு வோல்ட், ஆம்பியர், முனை மூன்றும் பொருந்த வேண்டும்.

டிஜிட்டல்தான் வேண்டும் என்கிறவர்கள் முதல் நாளிலிருந்தே முழுசாக டிஜிட்டலாகப் போங்கள். பாதி இது பாதி அது என்று வைத்துக்கொள்வது எனக்குப் பிடிக்காது, காரணம் இருக்கிறது. டிகோடர் இல்லாத எஞ்சினை டிசிசி தண்டவாளத்தில் வைத்தால், முனைகள் மாறிக்கொண்டே இருக்கும் முழு மின்சாரமும் மோட்டாருக்குள் போகும். ஓடாமல் ரீங்காரமிடும், சூடாகும்; இரும்பு உள்ளகம் இல்லாத சின்ன கோர்லெஸ் மோட்டார் என்றால் கருகியே போகலாம். எண் 0 கொடுத்து அனலாக் எஞ்சினை ஓட்டும் வசதி சில கன்ட்ரோலரில் உண்டு, பலவற்றில் இல்லை. இருந்தாலும் பயன்படுத்தாதீர்கள். தலைகீழாக, டிகோடர் உள்ள எஞ்சினைச் சாதாரண அனலாக் பாதையில் வைத்தால் பெரும்பாலும் ஓடும், ஆனால் டிகோடர் விழித்துக்கொள்ளவே ஐந்தாறு வோல்ட் தேவைப்படும். மெதுவாக நகர்த்துவது கஷ்டம். துடிப்பு மின்சாரம் அனுப்பும் அனலாக் கன்ட்ரோலர்களோடு டிகோடருக்கு ஒத்துவராது.

தொடங்கும் நாளில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். புது டிகோடர் எல்லாம் வழக்கமாக எண் 3-ல் வரும். இரண்டை ஒன்றாக வைத்தால் இரண்டும் சேர்ந்து ஓடும், பிறகு இதற்கா இவ்வளவு செலவு என்று வீட்டில் கேட்பார்கள். ஆகவே ஒவ்வொன்றாக, தனியாக ஒரு துண்டுத் தண்டவாளத்தில் வைத்து எண்ணை மாற்றுங்கள். எஞ்சின் பக்கத்தில் எழுதியிருக்கும் எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தைக் கொடுத்தால் மறக்காது. அப்புறம் காசு சோதனை: பாதையின் பல இடங்களில் இரு தண்டவாளத்துக்கும் குறுக்கே ஒரு நாணயத்தை வையுங்கள். ஒவ்வொரு இடத்திலும் கன்ட்ரோலர் உடனே மின்சாரத்தை வெட்ட வேண்டும். எங்காவது வெட்டவில்லை என்றால் அந்த இடத்துக்குப் போகும் வயர் மெல்லியது அல்லது இணைப்பு தளர்ந்திருக்கிறது. தடம் புரண்ட வண்டி அங்கே கிடந்தால் பிளாஸ்டிக் உருகும். நல்ல வயருக்கு சிம் லிம் டவர் போங்கள்; பற்றவைக்கத் தெரிந்தவர் என்றால் அங்கேயே ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகையும் வாங்கி, டிசிசி-இஎக்ஸ் என்ற இலவச மென்பொருளை ஏற்றிச் சொந்தமாகவே கன்ட்ரோலர் செய்துகொள்ளலாம்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் தண்டவாளம் சீக்கிரம் கறுக்கும். அனலாக்கில் அழுக்கு என்றால் வண்டி திக்கும். டிஜிட்டலில் டிகோடர் ஒரு நொடி இறந்து பிறக்கும், ஒலி எஞ்சின் நடுவழியில் மறுபடி ஸ்டார்ட் சத்தம் போடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தால் போதும். உப்புத்தாள் வேண்டாம், கீறலில் அழுக்கு இன்னும் வேகமாகச் சேரும்.

இன்னும் முடிவு செய்ய முடியவில்லையா? அனலாக் கன்ட்ரோலர் ஒன்று, டிகோடர் சாக்கெட் உள்ள எஞ்சின் ஒன்று, இப்படித் தொடங்குங்கள். பின்னால் மாறினால் வீணாவது கன்ட்ரோலர் மட்டும்தான். கரோசல் இணையச் சந்தையில் பழையது வாங்குவதாக இருந்தால், விற்பவர் வீட்டிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். டிகோடர் உண்டா என்று கேளுங்கள். உண்டு, ஆனால் எண் மறந்துவிட்டது என்றால் பேரம் பேச நல்ல வாய்ப்பு. பெரும்பாலான டிகோடர்களில் சிவி 8 என்ற செட்டிங்கில் 8 என்று எழுதினால் எல்லாம் பழைய நிலைக்கு வந்து, எண் மறுபடி 3 ஆகிவிடும்.