அமெரிக்காவில் வீட்டு ஏலத்தைத் தடுக்க 13ஆம் அத்தியாய மனு

அமெரிக்காவில் தவணை தவறிய வீடு ஏலத்துக்கு வந்துவிட்டால், கடனைத் தவணைகளில் அடைக்க வழிசெய்யும் திவால் சட்டத்தின் 13ஆம் அத்தியாயத்தின்கீழ் (Chapter 13) மனுச் செய்யலாம். ஆனால் ஏலம் நடப்பதற்கு முன்பே மனு பதிவாகியிருக்க வேண்டும், ஒரு மணி நேரத் தாமதம்கூட வீட்டை இழக்கச் செய்துவிடும். மனுச் செய்வதற்கு முந்தைய 180 நாட்களுக்குள் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தில் கடன் ஆலோசனை பெற்றிருப்பதும் அவசியம்.

மனு பதிவானதும் ஏல நடவடிக்கை தானாகவே தடைபடும். எனினும், முந்தைய ஓராண்டுக்குள் உங்கள் திவால் வழக்கு ஒன்று தள்ளுபடியாகியிருந்தால் அத்தடை 30 நாட்களில் முடிந்துவிடும் என்பதால், அதற்குள் நீட்டிப்பு உத்தரவு பெறுங்கள். நிலுவையை அதிகபட்சம் 5 ஆண்டுகளில் அடைக்கும் திட்டத்தை மனு பதிவான நாளிலிருந்து 14 நாட்களுக்குள் தாக்கல் செய்து, 30 நாட்களுக்குள் முதல் தொகையைக் கட்டத் தொடங்க வேண்டும். நடப்பு மாதத் தவணையையும் நிறுத்தக்கூடாது. சறுக்கல் பெரும்பாலும் இங்கேதான். சொத்துகளை விற்றுக் கடனைத் தீர்க்கும் 7ஆம் அத்தியாயமோ ஏலத்தைச் சில காலம் தள்ளிப்போடுமே தவிர, நிலுவையைப் பிரித்துக் கட்ட வழி தராது.