லீட்லெஸ் பேஸ்மேக்கரை மாற்றும்போது வீட்டார் செய்யும் தவறுகள்

லீட்லெஸ் என்றால் ஒயர் இல்லாமல் இதயத்துக்குள்ளேயே வைக்கும் குட்டி பேஸ்மேக்கர். அதன் பேட்டரி தீரப்போகிறது, மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் எல்லோரும் கேட்பது, "பழசை எடுத்துடுவீங்கல்ல?" இல்லை, உள்ளேயே இருக்கட்டும் என்றால் முகமே மாறிவிடுகிறது. இங்கேதான் அடம்பிடிக்கக் கூடாது. மைக்ரா என்ற வகை 26 மில்லிமீட்டர் நீளம், 2 கிராம்கூட வராத எடை, நான்கு சின்னக் கொக்கிகளால் இதயத்தின் வலது கீழறையைப் பிடித்துக்கொண்டிருக்கும். வருடம் போகப் போக அதன்மேல் சதை மூடிவிடும். 85 வயதில் அதைப் பிடுங்கப் போய் இதயம் கிழிந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் பழையதை அணைத்துவிட்டுப் பக்கத்தில் புதியதை வைப்பதுதான் பல நேரம் நல்லது. திருகிப் பொருத்தும் அவேர் என்ற இன்னொரு வகை, பின்னாளில் கழற்றுவதற்கென்றே செய்யப்பட்டது, அதன் கதை வேறு.

ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நாமாகவே நிறுத்துவது இன்னொரு தவறு. இதயத் துடிப்பு சீரில்லாத பெரியவர்களுக்குப் பக்கவாதம் வரலாம். எப்போது நிறுத்துவது, எப்போது மறுபடி தொடங்குவது, இரண்டையும் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள்.

நான் அதிகம் பயப்படுவது புதியதை வைத்த அன்றைய ராத்திரிக்குத்தான். இதயச் சுவரில் துளை விழுந்து சுற்றிலும் ரத்தம் தேங்கலாம். இதைப் பற்றித்தான் 2021 நவம்பரில் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., மருத்துவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அடிக்கடி நடப்பதில்லை, ஆனால் ஒல்லியான, வயதான பெண்களுக்கு ஆபத்து கூடுதல். பாட்டி நெஞ்சு வலிக்கிறது என்று சொல்ல மாட்டார், "என்னமோ பண்ணுதும்மா" என்பார், நெற்றி வியர்த்திருக்கும், நாமோ காலையிலிருந்து பட்டினி, அதுதான் என்று காபி ஆற்றிக்கொண்டிருப்போம். காபி வேண்டாம், நர்ஸைக் கூப்பிடுங்கள், பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள், எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று தயங்காமல் கேளுங்கள்.

அப்புறம் தொடை. பேஸ்மேக்கரை இதயத்துக்குக் கொண்டுபோகத் தொடை ரத்தக்குழாய்க்குள் விட்ட குழாய் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் தடிமன், அதனால் சொன்ன நேரம்வரை காலை மடக்கவோ பாத்ரூமுக்கு எழுந்து போகவோ கூடாது. கட்டு மேலே சுத்தமாகத் தெரிந்தாலும் ரத்தம் தொடைக்கு அடியில் வழிந்து நிற்கும், போர்வையை விலக்கிக் கையை விட்டுப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்தபின் ஆஸ்பத்திரியில் தந்த பேஸ்மேக்கர் அட்டையைப் பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். நெஞ்சில் தழும்போ மேடோ இருக்காது, பேஸ்மேக்கர் இருப்பதே வெளியே தெரியாது. நாளைக்கு வேறு ஊர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தால் இரண்டு தெரியும், எது ஓடுகிறது, எது அணைத்தது என்று அங்கே யாருக்கும் புரியாது. இரண்டின் விவரத்தையும் ஒரே தாளில் எழுதி, போனிலும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.