"பார்சல் இன்னும் வரல" என்று வாடிக்கையாளர் சொன்னால் என்ன செய்ய வேண்டும்?

இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் புதிதாகப் புடவை, நகை, தின்பண்டம் என்று விற்கத் தொடங்கியவர்களைக் கலங்கடிக்கும் செய்தி இது. 'ஏமாற்றப் பார்க்கிறாரோ' என்றுதான் மனசு முதலில் நினைக்கும். அந்த எண்ணத்தைத் தள்ளி வையுங்கள். பல நேரம் பார்சல் தொலைந்திருக்காது, எங்கேயோ தங்கியிருக்கும். அதைத் தேடிப் பிடிப்பது விற்றவர் வேலை. டிராக்கிங் எண்ணை அனுப்பிவிட்டு "நீங்களே கேட்டுக்கோங்க" என்று சொல்வது நியாயமே இல்லை. கூரியருக்குப் பணம் கட்டியதும் நாம்தான், ரசீது இருப்பதும் நம்மிடம்தான்.

1. அன்றைக்கே பதில் போடுங்கள்

விவரம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. "வணக்கம் மேடம், உங்க பார்சல் எங்க இருக்குன்னு விசாரிக்கிறேன். நாளைக்கு மதியத்துக்குள்ள சொல்றேன்" என்றால் போதும். சொன்ன நேரத்துக்குள் மறுபடி பேசிவிட வேண்டும், புதுத் தகவல் எதுவும் இல்லையென்றாலும் சரி.

2. முகவரியை ஒப்பிட்டுப் பாருங்கள்

அவர் அனுப்பிய முகவரியையும் நீங்கள் ஒட்டிய லேபிளின் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். (ஒவ்வொரு பார்சலையும் ஒட்டி முடித்ததும் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். பின்னால் வரும் எல்லாப் படிகளுக்கும் அதுதான் ஆதாரம்.) பின்கோடில் ஓர் இலக்கம் மாறினாலே பார்சல் வேறு ஊருக்குப் போய்விடும். சென்னை முகவரி என்றால் கதவு எண் பழையதா புதியதா என்று கேளுங்கள். பல தெருக்களில் இரண்டுமே புழக்கத்தில் இருப்பதால் வேறு வீட்டு வாசலில் போய் நிற்க வாய்ப்பு அதிகம்.

3. டிராக்கிங் சொல்வதைப் புரிந்துகொள்ளுங்கள்

ஸ்பீட் போஸ்ட் எண் 13 இடங்கள் கொண்டது: முதலில் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் 9 இலக்கம், கடைசியில் ஐ, என். ஒன்று தவறினாலும் விவரம் வராது.

'பேக்டு' என்றால் பார்சல் பையில் கட்டப்பட்டு அடுத்த அலுவலகத்துக்குக் கிளம்பத் தயார். அதே நிலையில் நாள்கணக்கில் நின்றால் வழியில் மாட்டிக்கொண்டிருக்கிறது, புகார் கொடுக்க வேண்டியதுதான். 'டோர் லாக்டு' என்றால் தபால்காரர் போனபோது வீடு பூட்டியிருந்தது. இங்கேதான் வேகம் வேண்டும். பார்சல் அந்த ஊர்த் தபால் நிலையத்தில் சில நாட்களே இருக்கும், பிறகு உங்களுக்கே திரும்பி வந்துவிடும். நிலையத்தின் பெயர் டிராக்கிங்கிலேயே இருக்கும். அதை வாடிக்கையாளரிடம் சொல்லி, அடையாள அட்டையுடன் போய் வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள்.

4. 'டெலிவர்டு' என்று காட்டுகிறது, அவர் வரவில்லை என்கிறார்

பொறுமையைச் சோதிக்கும் இடம் இதுதான். "டெலிவரி ஆயிடுச்சுன்னு காட்டுதே" என்று எடுத்த எடுப்பில் சொன்னால், அவரைப் பொய்யர் என்று சொன்னதாகிவிடும். இப்படிக் கேளுங்கள்: "வாட்ச்மேன், பக்கத்து வீடு, கீழ் வீடு, யாராவது வாங்கி வச்சிருக்காங்களா, ஒரு தடவை பாருங்க மேடம்." அவர் பார்க்கும் நேரத்தில் நீங்கள் கூரியர் கிளைக்குப் பேசி, டெலிவரி செய்ததற்கான சான்றைக் கேளுங்கள். அதில் வாங்கியவரின் பெயரோ கையெழுத்தோ இருக்க வேண்டும். அதை வாடிக்கையாளருக்கு அனுப்பினால் "அட, இது மாடி வீட்டுக்காரர் கையெழுத்து" என்று அங்கேயே முடிச்சு அவிழ்ந்துவிடலாம். கையெழுத்து யாருடையது என்றே தெரியவில்லையா? தவறு கொண்டுபோய்க் கொடுத்தவர் பக்கம் இருக்கலாம், அடுத்த படிக்குப் போங்கள்.

5. எழுத்தில் புகார் கொடுங்கள்

போனில் சொன்னது நிற்காது. ரசீது, லேபிள் போட்டோ, பொருளின் பில் மூன்றையும் சேர்த்து அனுப்பி, புகார் எண் வாங்குங்கள். அஞ்சல் துறையின் இலவச எண் 1800 266 6868. ஸ்பீட் போஸ்ட் தொலைந்தால் கிடைக்கும் இழப்பீடு, கட்டிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. அதாவது, 60 ரூபாய் கட்டியிருந்தால் 120 ரூபாய்தான். எனவே பட்டுப்புடவை மாதிரி விலை கூடியதை இன்ஷூரன்ஸ் எடுத்து அனுப்புங்கள். 2025 அக்டோபரிலிருந்து, சிறு கூடுதல் கட்டணத்தில், ஓடிபி சொன்னால் மட்டும் ஒப்படைக்கும் வசதியும் ஸ்பீட் போஸ்டில் உண்டு.

6. பணமா, மறு பார்சலா?

புகாருக்கு முடிவு வரும்வரை வாடிக்கையாளரைக் காக்க வைக்காதீர்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, வந்த புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஒரு மாதம் என்பது கடைசி எல்லை. என்னைக் கேட்டால், தேடி ஒரு வாரத்தில் கிடைக்காவிட்டால் பணமா பொருளா என்று அவரிடமே கேட்டு முடித்துவிடுவது நல்லது. நஷ்டம் நம்முடையதுதான், அதற்கென்று லாபத்தில் கொஞ்சம் ஒதுக்கி வைக்கலாம்.

பணம் என்றால், எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதற்கே திருப்புங்கள். வேறு எண்ணுக்குப் போடச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மறு பார்சல் என்றால், பழையது பிறகு வந்து சேர்ந்தால் வாங்க வேண்டாம், திருப்பி அனுப்பச் சொல்லுங்கள் என்று முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் எழுதி, அவர் "சரி" என்று பதில் போட்ட பிறகு அனுப்புங்கள்.