கடலூர்க்காரனின் பிறப்புச் சான்றிதழ்

நெதர்லாந்தில் வேலை கிடைத்தது. அங்கே நகராட்சியில் பதியும்போது அப்போஸ்டில் (நம் ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்கு உறுதி சொல்லும் வெளியுறவு அமைச்சகச் சான்று) முத்திரையுள்ள பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். முத்திரைக்காகச் சென்னை போனேன். மாநில அரசின் சான்றொப்பம் இல்லை என்று திருப்பிவிட்டார்கள். சரி என்று நோட்டரி கையெழுத்து வாங்கினேன், அது செல்லாது என்றார்கள். தமிழ்நாட்டுச் சான்றொப்பத்துக்கு முயன்றேன்; அதுவும் நடக்கவில்லை. பத்து நாள் போயிற்று.

அப்புறம்தான் சான்றிதழின் தலைப்பை நிதானமாகப் படித்தேன். உழவர்கரை நகராட்சி. வீடு கடலூர் மஞ்சக்குப்பம்தான். ஆனால் அம்மாவுக்குப் பிரசவம் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில். சான்றிதழ் கொடுத்தது புதுச்சேரி! இருப்பிடம் எதுவானாலும், ஆவணத்தை வழங்கிய மாநிலமோ யூனியன் பிரதேசமோதான் முதலில் சான்றொப்பமிட வேண்டும். அதற்குப் பிறகே வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில். நம் பக்கத்தில் எத்தனையோ பேர் பிரசவத்துக்குப் புதுச்சேரி போகிறவர்கள், இதைக் கவனியுங்கள்.

பஸ்ஸேறிப் போய்ப் புதுச்சேரி அரசின் சான்றொப்பம் வாங்கினேன். அடுத்த தடவை முத்திரை கிடைத்துவிட்டது. பெரிய நிம்மதி. பட்டச் சான்றிதழ் சிதம்பரத்தில் வாங்கியது, அதனால் அதற்குத் தமிழ்நாட்டுச் சான்றொப்பம். இரண்டையும் லேமினேட் செய்யாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. அப்போஸ்டில் ஸ்டிக்கரை ஆவணத்தின் பின்பக்கம்தான் ஒட்டுகிறார்கள்.